மூன்றாவது கோடு

ஆண்டவரே,
இந்தக் காலைக்காக உமக்கு ஸ்தோத்திரம்,
கூரைக்காக, நேற்றுப் பெய்த மழைக்காக,
இன்றும் பெய்கிற மழைக்காக,
கொஞ்சம் பொறும், பால் பொங்குது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்.
மழை.
மூன்று நாளாய் ஒரு சட்டையும் காயவில்லை.
குசினிக்குள் கட்டிய கயிற்றில்
மீகாவின் காற்சட்டை என் தலையில் தட்டுகிறது
உப்பு எடுக்கப் போகும்போதெல்லாம்.
முகத்துவாரம் வெட்டினால்தான் வடியும் என்று
எதிர்வீட்டில் சொல்கிறார்கள்.
இவர் இரவு கொழும்பு பஸ் எடுத்தவர்,
மன்னம்பிட்டியில் றோட்டுக்கு மேலே தண்ணி என்று
விடிய நாலு மணிக்குப் போன்.
அவரைக் காத்தருளும்.
பஸ்ஸின் பிறேக்கையும்.

நத்தார் கேக்கில் ஒரு மூலை மிச்சம், அதில் எறும்பு.
வாசலில் நட்சத்திரக் கூடு, வால் நனைந்து ஒட்டி.
திங்கட்கிழமை எங்கள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது:
சாப்பாட்டு மேசை, நாலு கதிரை,
அதில் ஒன்று ஆடும், ஒபேத்துக்கு அதுதான் வேணும்.
மணி கிடையாது. குக்கரின் மூன்றாம் விசில் இடைவேளை.
வலயக் கந்தோருக்குப் போட்ட கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.
அவர்களுக்கு எப்படி எழுதுவேன்,
ரெண்டாம் ஆண்டில் 'ப'வில் நின்றுபோன பிள்ளையை
'ப'வில் நிற்கிற வரைக்கும்
கதிரைக்கு மேலே ஏற்றி நிறுத்திய கதையை?
அன்றைக்கு மூன்று பேரையும்
ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவள் நான்.
ஒருத்தனுக்காக மூன்று பேரையும்.
அதை நீர் ஒருநாளும் கேட்கவில்லை.

மறுகா கொப்பிகள். இருபத்தேழு.
போன வருஷச் சபைக் கலண்டரைத் திருப்பி,
வசனம் உள்ளே போக, வெள்ளை வெளியே வர,
உறை போட்டோம்.
மீகா பசையை நக்கிப் பார்த்தான்.
கெசியா பாதியில் எழும்பி வேலிக்கு அங்கால போய்
யதுர்ஷாவின் வெள்ளைச் சட்டையை
அயர்ன் பண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.
"பதினாறு மடிப்பம்மா.
ஒன்று பிசகினாலும் திரும்ப முதலிலயிருந்து."
நான் ஓமென்று சொல்லி
கத்தரிக்கோலைத் தேடினேன்.

இரவு கரண்ட் இல்லை.
டோர்ச் வெளிச்சத்தில் கொப்பிகளை அடுக்கும்போது
லேபல்களை வாசித்தேன்.
பெயர். தரம். பாடசாலை.
மூன்றாவது கோட்டில் மீகா எழுதியிருந்தான்: அமமா.
குத்து இல்லை. இருக்கட்டும், திங்கட்கிழமை பாடம்.
ஒபேத் எழுதியிருந்தான்: குசினி.
சத்தமாய்ச் சிரித்தேன், பிள்ளைகள் புரண்டு படுத்தார்கள்.
கெசியாவின் கையெழுத்து அச்சுப்போல.
பெயர். தரம் ஒன்பது.
மூன்றாவது கோடு வெறும் கோடு.
மறந்துவிட்டாள் என்று அடுத்த கொப்பியைப் பார்த்தேன்.
அடுத்ததை.
பதினொரு கொப்பியிலும் மறக்கிற பிள்ளை இல்லை அவள்.

முழங்காலில் நின்றேன், உமக்குத் தெரியும்,
ஒரு சொல்லும் வரவில்லை.
ஓடு ஒழுகி வாளியில் விழுந்ததுதான்
அன்றைய ஜெபம்.

சனிக்கிழமை முகத்துவாரம் வெட்டியாச்சாம்.
முற்றத்தில் தண்ணி இறங்கி
மதிலில் ஒரு சேற்றுக் கோடு.
நான் தேங்காய் துருவிக்கொண்டு,
அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு.
கண்ணைத் தூக்காமல் கேட்டேன்,
"யதுர்ஷாட ஸ்கூலில ஒன்பதாம் ஆண்டுக்கு
இடம் இருக்குமோ தெரியா."
அவளும் கண்ணைத் தூக்கவில்லை.
"ரெண்டு இடம் இருக்காம்.
அதிபர் செவ்வாய்க்கிழமை வருவாவாம்.
பிறப்புப் பத்திரம் கொண்டுபோகணும்.
போட்டோக் கொப்பி ரெண்டு."

எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள், ஆண்டவரே.
உமக்கு முதலே சொல்லியிருப்பாள்.
நீராவது எனக்கு ஒரு சாடை காட்டியிருக்கலாம்.

வெள்ளைத் துணி மூன்று மீற்றர் காணுமோ,
பதினாறு மடிப்புக்கு?